கல்லுக்கு முன்னே பதிவேடு: போர்க்காலத்தில் பணிபுரிந்த பெண்களின் பெயர்கள் எங்கே பொறிக்கப்படுகின்றன?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கே செல்பவர்கள், உப்புவெளிப் பக்கத்தில், ஒழுங்காக வெட்டப்பட்ட புல்லும் வரிசை பிசகாத கற்களுமாக ஒரு மயானத்தைக் கடந்து போகிறார்கள். அது பொதுநலவாய யுத்த மயானம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்துறைமுகத்தையும் அதைச் சூழ்ந்த கடலையும் வானையும் காத்து நின்ற படைகளைச் சேர்ந்த 300 பேருக்கு மேல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1944 பெப்ரவரியில் கொழும்பை நோக்கி வந்த கப்பலொன்றில் 77 பெண்கள் சில நிமிடங்களுக்குள் உயிரிழந்தார்கள் என்றும், பொதுநலவாயப் படைச் சேவைகளின் வரலாற்றில் பெண்களுக்கு ஒரே சம்பவத்தில் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு அதுவே என்றும் படிக்கிற வாசகருக்கு, அந்தப் பெயர்கள் எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடை கடலிலும் இல்லை, கல்லிலும் இல்லை. ஒருவர் எந்தப் பதிவேட்டில் இருந்தார் என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது.

முதலில் சொற்கள்

"நினைவுச் சின்னம்" என்று பொதுவாகச் சொன்னாலும், அச்சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறுபட்ட பொருள்கள் கலந்து கிடக்கின்றன.

1. கல்லறை: உடல் கிடைத்து, அடக்கம் செய்யப்பட்டு, அந்த இடத்தில் பெயர் எழுதப்படுவது.

2. பெயர்ச் சுவர் அல்லது பெயர்த்தூண்: உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை ஓரிடத்தில் திரட்டிப் பொறிப்பது. கடலில் இறந்தவர்கள் பெரும்பாலும் இவ்வகையில்தான் நினைவுகூரப்படுகிறார்கள்.

3. பொதுச் சின்னம்: தனிப்பெயர் இல்லாமல், ஒரு குழுவினரின் பணியை முழுமையாகக் குறிக்கும் சிலை, கட்டடம், பலகை போன்றவை.

முதல் இரண்டுக்கும் இறப்பே நுழைவுச்சீட்டு. மூன்றாவது மட்டுமே உயிரோடு திரும்பியவர்களுக்கும் இடம் தரக்கூடியது. பெண்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகப் பெரியது. போர்க்காலத்தில் அவர்கள் செய்த வேலைகளில் பெரும்பகுதி மருத்துவமனையிலும் தொலைத்தொடர்பு அறையிலும் தொழிற்சாலையிலும் வயலிலும் நடந்தது. முன்னரங்கில் நின்றவர்களோடு ஒப்பிடும்போது அவர்களில் இறந்தவர்கள் குறைவு, பணிபுரிந்தவர்களோ இலட்சக்கணக்கானவர்கள். ஆகவே இறப்பை அளவுகோலாக வைத்துக் கணக்கெடுக்கும் எந்தச் சுவரிலும் பெண்கள் இல்லாதவர்கள் போலவே தோன்றுவார்கள்.

"சேவை" என்ற சொல்லும் நிதானமாகக் கையாள வேண்டியது. சீருடை அணிந்து, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறி, பதவிநிலை பெற்றுச் செய்வது மட்டும்தான் சேவையா? அல்லது குண்டு விழும் ஊரில் பிரசவ விடுதியைத் திறந்து வைத்திருந்த தாதியின் வேலையும் அதில் சேருமா? சட்டம் ஒரு கோட்டைக் கீறுகிறது, வாழ்க்கை அதை ஒருபோதும் மதித்ததில்லை.

யுத்த மயானத்தின் விதிகள்

உப்புவெளி மயானத்தைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு, 1917ஆம் ஆண்டு ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் பேரரசு ஆணைக்குழுவாகத் தொடங்கியது. 1960இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பதவி, இனம், மதம் பார்க்காமல் இறந்த ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நினைவுகூரப்பட வேண்டும், கற்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படைக் கொள்கைகள். தளபதிக்கும் சமையற்காரருக்கும் ஒரே அளவுக் கல் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் புரட்சிகரமானதாகவே இருந்தது.

யார் இதற்குள் வருவார் என்பதை விதிகள் தீர்மானிக்கின்றன.

1. காலம்: இரண்டாம் உலகப் போருக்கு, 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள்.

2. அமைப்பு: அங்கீகரிக்கப்பட்ட படைப் பிரிவில் இருந்தவர், எக்காரணத்தால் இறந்தாலும் சேர்க்கப்படுவார். மலேரியாவில் இறந்தாலும் சரி, லொறி கவிழ்ந்து இறந்தாலும் சரி.

3. துணை அமைப்புகள்: செஞ்சிலுவை போன்ற குறிப்பிட்ட சில அமைப்புகளில் இருந்தவர் என்றால், போர்க் கடமையின் விளைவாகவே இறந்திருக்க வேண்டும்.

4. சாதாரணக் குடிமக்கள்: கல் இல்லை. பிரித்தானியாவில் குண்டுவீச்சில் இறந்த ஏறத்தாழ 67,000 குடிமக்களின் பெயர்கள் ஏடுகளில் எழுதப்பட்டு, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது, மூன்றாவது விதிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில்தான் ஏராளமான பெண்கள் விழுந்து போகிறார்கள். பெண்கள் அரச கடற்படைச் சேவை, இராணுவத் தாதியர் சேவை போன்ற முறையான பிரிவுகளில் இருந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. தளத்துக்குத் துணி வெளுத்தவர், உணவு சமைத்தவர், துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தவர் என்று நாட்கூலியில் நின்றவர்களுக்கு விதிப்புத்தகத்தில் வரியே இல்லை.

ஆணைக்குழுவின் கற்களைக் கிட்ட நின்று பார்த்தால் இன்னொரு நுட்பமும் தெரியும். பொதுவாக அவற்றில் சேவை இலக்கம், பதவிநிலை, பெயரின் முதலெழுத்துகள், குடும்பப் பெயர், பிரிவு, இறந்த தேதி, வயது ஆகியவையே இருக்கும். முழுப்பெயர் இல்லை. முதலெழுத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. "சிஸ்டர்" என்றோ "ரென்" என்றோ பதவிநிலை எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அங்கே கிடப்பவர் ஒரு பெண் என்று பார்வையாளருக்குப் புரியும். ரென் என்பது கடற்படைச் சேவையின் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து பிறந்த செல்லப்பெயர், ஆங்கிலத்தில் அது ஒரு சின்னஞ்சிறு குருவியின் பெயரும்கூட. அச்சேவை முதல் உலகப் போரின்போது 1917இல் தொடங்கி, 1919இல் கலைக்கப்பட்டு, 1939இல் மறுபடி எழுந்தது. 1993இல் கடற்படையோடு முழுமையாக இணைக்கப்பட்டபோதே தனிச் சேவையாக அது முடிவுக்கு வந்தது.

எல்லோருக்கும் ஒரே கல் என்ற கொள்கை எழுத்தில் இருந்த அளவுக்கு நடப்பில் இருக்கவில்லை என்பதை ஆணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் பேரரசுக்காக இறந்தவர்களில் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை. கிழக்காபிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்களே அவர்களில் மிகுதி. இதற்கான காரணங்களில் ஒன்று, பெயர்ப் பட்டியல்கள் எழுதப்படவில்லை, அல்லது எழுதப்பட்டவை கையளிக்கப்படவில்லை என்பது. பட்டியல் இல்லாவிட்டால் கல்தச்சர் எதைப் பொறிப்பார்?

கெடிவ் இஸ்மாயில்: ஒரே கப்பல், பல சுவர்கள்

1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே 9ஆம் தேதி விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மீஸ் மட்டக்களப்புக் கடலில் 307 பேரோடு மூழ்கியது. பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை பின்வாங்கி, கென்யாவின் மொம்பாசா அருகே கிலிண்டினியில் தளம் அமைத்தது. நிலைமை மாறி 1944 தொடக்கத்தில் அது மீண்டும் இலங்கைக்கு வந்து திருகோணமலையைத் தளமாகக் கொண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங் மீதான தாக்குதலுக்குக் கப்பல்கள் புறப்பட்டது இங்கிருந்துதான். கப்பல்கள் திரும்பினால் கப்பல்களை இயக்கும் காகித வேலையும் திரும்ப வேண்டும். குறியீட்டுச் செய்திகளைக் கையாள்வோர், எழுதுநர்கள், காயம்பட்டு வரப்போகிறவர்களைப் பராமரிக்கத் தாதியர் என ஆட்கள் கிழக்காபிரிக்காவிலிருந்து இலங்கைக்கு நகர்ந்தார்கள்.

மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட துருப்புக் கப்பல்களில் ஒன்று கெடிவ் இஸ்மாயில். அதில் இருந்த 1,511 பேரில் பெரும்பாலோர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். 83 பெண்கள் இருந்தார்கள்: இராணுவத் தாதியர், ரென்கள், போக்குவரத்துச் சேவைப் பெண்கள். 1944 பெப்ரவரி 12ஆம் தேதி, மாலைதீவுக் கடலில், ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியின் டோர்பிடோக்கள் தாக்கி இரண்டு நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. நீர்மூழ்கியை அழிப்பதற்காகக் காவற்கப்பல்கள் ஆழ்நீர்க் குண்டுகளை வீசியபோது, தப்பியவர்கள் அதே நீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். இறந்தோர் 1,297. பிழைத்தோர் 208 ஆண்களும் 6 பெண்களும்.

ஒரே கப்பலில், ஒரே இரண்டு நிமிடங்களில் இறந்தவர்கள் நினைவுச் சுவருக்கு வரும்போது பிரிந்து போனார்கள். கடலில் காணாமற்போன இராணுவத் தாதியரின் பெயர்கள் இங்கிலாந்தின் புரூக்வுட் நினைவுச் சுவரில் இருக்கின்றன. ஆபிரிக்க வீரர்களின் பெயர்கள் நைரோபியில், கிழக்காபிரிக்க நினைவுச் சின்னத்தில். கடற்படைக்குரியவர்களை அவரவர் பதிவாகியிருந்த துறைமுக நகரின் நினைவுத்தூணில் எழுதுவதே வழக்கம். ஒவ்வொரு படையும் தன் பட்டியலைத் தன் ஊருக்கு எடுத்துச் சென்றுவிட்டது. கப்பல் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது எந்தப் பட்டியலிலும் ஒரு நிரலாக இருக்கவில்லை. உப்புவெளியில் அவர்களைத் தேடுவது வீண் என்பதற்குக் காரணம் இதுதான். அலட்சியமோ பாகுபாடோ அல்ல, கணக்கெழுதும் முறை.

விதியின்படி இதில் தவறு எதுவும் இல்லை. 77 பெயர்களும் எங்கோ ஒரு கல்லில் இருக்கின்றன. ஆனால் "பெண்களின் மிகப் பெரிய இழப்பு" என்ற வாக்கியம் எந்த ஒரு சுவரிலும் கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான ஆண் பெயர்களிடையே பத்து, இருபது என்று சிதறிப் போகும்போது நிகழ்வின் பருமன் மறைந்துவிடுகிறது.

பெயர், முகம், உடை, படகு

கல்லறையும் பெயர்ச் சுவரும் சொல்லாமல் விட்டதைச் சொல்ல, வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு வழிகளைத் தேடின. அவற்றில் மிகவும் விவாதிக்கப்பட்டது இலண்டன் வைட்ஹால் வீதியில் நிற்கும் சின்னம். இரண்டாம் உலகப் போரில் உழைத்த ஏறத்தாழ 70 இலட்சம் பிரித்தானியப் பெண்களைக் குறிக்க, ஜோன் மில்ஸ் என்ற சிற்பி வடித்த வெண்கலக் கட்டை அது, 22 அடி உயரம். 2005 ஜூலை 9ஆம் தேதி எலிசபெத் மகாராணி திறந்து வைத்தார். பாராளுமன்றச் சபாநாயகராக இருந்த பெற்றி பூத்ரொய்ட் தொலைக்காட்சி வினாடி வினாவில் வென்ற பணமும் அதற்கான நிதியில் சேர்ந்தது.

அந்தக் கட்டையில் ஒரு பெண்கூட இல்லை. நான்கு பக்கமும் கொளுக்கிகளில் 17 உடைத் தொகுதிகள் தொங்குகின்றன. கடற்படைச் சீருடை, தாதியின் மேலங்கி, வயல் வேலைக்குப் போன பெண்களின் உடை, உலோகம் ஒட்டும் தொழிலாளியின் முகக்கவசம். வேலை முடிந்து வீடு திரும்பும்போது கழற்றி மாட்டிவிட்டுப் போனதுபோல் துணியின் மடிப்புகள் கீழே சரிந்திருக்கின்றன. எழுத்துகள் போர்க்காலப் பங்கீட்டுப் புத்தகத்தில் இருந்த எழுத்துருவில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முகமில்லாத பெண்களா என்று கேட்டுக் குறைகூறியவர்கள் பலர். குறை நியாயமானதே. ஆனால் அந்தக் காலி உடைகளில் ஓர் உண்மையும் இருக்கிறது. 1945க்குப் பிறகு நடந்தது அப்படியேதான். வேலை ஆண்களிடம் திரும்பியது, பெண்கள் சீருடையைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு அடுப்படிக்கு அனுப்பப்பட்டார்கள். அதே வீதியில் சில அடி தூரத்தில் போரில் மாண்டவர்களுக்கான பொதுத்தூண் 1920 முதல் நிற்கிறது. பெண்களுக்கான சின்னம் வர 85 ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவில் கேள்வி வேறு வடிவில் வந்தது. வொஷிங்டனில் வியட்நாம் போரின் கறுப்புச் சுவர் 1982இல் திறக்கப்பட்டது. அதிலுள்ள 58,000க்கு மேற்பட்ட பெயர்களில் பெண்கள் எட்டுப் பேர், எல்லோருமே தாதியர். வியட்நாமில் பணிபுரிந்த அமெரிக்கப் படைத்துறைப் பெண்களோ ஏறத்தாழ 11,000 பேர். இறப்பை அளவுகோலாக வைத்தால் எட்டு, பணியை அளவுகோலாக வைத்தால் பதினோராயிரம். இந்த இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் பெண்களுக்குத் தனிச் சின்னம் எதற்கு என்ற கேள்விக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சுவருக்கு அருகே 1984இல் மூன்று ஆண் வீரர்களின் சிலை எழுந்தபோது, வியட்நாமில் தாதியாக இருந்த டயான் கார்ல்சன் எவன்ஸ் பெண்களுக்கான சின்னத்துக்காகத் தன் முயற்சியைத் தொடங்கினார். கலை ஆணைக்குழுவின் மறுப்பு, காங்கிரஸ் அனுமதி என்று இழுபட்டு, கிளெனா குடேக்கர் செய்த சிற்பம் 1993 நவம்பர் 11ஆம் தேதி திறக்கப்பட்டது. மணல்மூட்டைகளின் மேல் காயமடைந்த ஒருவரை ஒரு பெண் தாங்கியிருக்கிறார், இன்னொருவர் வானத்தைப் பார்க்கிறார், மூன்றாமவர் மண்டியிட்டிருக்கிறார். சுற்றிலும் எட்டு மரங்கள், சுவரில் உள்ள எட்டுப் பெண்களுக்காக.

அவுஸ்திரேலியா தனி ஒருவரின் முகத்தைத் தேர்ந்தது. 1942 பெப்ரவரி 16ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து தப்பி வந்து கப்பல் மூழ்கியதால் பங்கா தீவில் கரையேறிய 22 அவுஸ்திரேலியத் தாதியரை ஜப்பானியப் படையினர் கடலுக்குள் நடக்கவைத்துச் சுட்டார்கள். உயிர் பிழைத்தவர் விவியன் புல்விங்கல் ஒருவரே. கன்பராவிலுள்ள போர் நினைவகத்தில் அவருடைய சிலை 2023 ஓகஸ்டில் நிறுவப்பட்டது. ஒரு தாதியைத் தனியொருவராகச் சிலை வடித்து அந்த வளாகத்தில் வைத்தது அதுவே முதல் தடவை. பீடத்தில் 22 எஃகு வில்லைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன, அந்த நாளின் வானத்து விண்மீன்கள் இருந்த அமைப்பில். நின்றபடி பார்த்தால் சிலைதான் தெரியும். குனிந்தால்தான் மற்ற இருபத்தொரு பேரும் தெரிவார்கள். ஒரு முகத்தைத் தேர்வதன் பலமும் பலவீனமும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

சிற்பமே இல்லாத வழிகளும் உண்டு. 1941 ஓகஸ்டில் ஜிப்ரால்டருக்குச் சென்ற அகுய்லா என்ற கப்பல் தாக்கப்பட்டபோது 21 ரென்களும் ஒரு கடற்படைத் தாதியும் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத் திரட்டிய பணத்தில் வேல்ஸ் கரையின் அபெரிஸ்த்வித் ஊருக்கு ஒரு உயிர்காப்புப் படகு வாங்கப்பட்டு, "அகுய்லா ரென்" என்று பெயரிடப்பட்டு, 1950களின் தொடக்கம் முதல் பல ஆண்டுகள் கடலுக்குப் போய் வந்தது. நியூசிலாந்தில், 1915இல் மார்கெட் என்ற கப்பல் மூழ்கி 10 தாதியர் இறந்ததன் பின், கிறைஸ்ட்சேர்ச் மருத்துவமனைக்கு அருகே தாதியர் நினைவுச் சிற்றாலயம் எழுந்தது. கல்லைவிடப் படகு சீக்கிரம் உக்கிப் போகும் என்பது உண்மை. ஆனாலும் கடலில் இறந்தவர்களின் பெயரைத் தாங்கிக் கடலில் மிதப்பவர்களைத் தேடிப் போன அந்தப் படகுக்கு ஈடான சிலையொன்றை எண்ணிப் பார்ப்பது கடினம்.

மறுகரையில் நின்ற தமிழ்ப் பெண்கள்

இதே கடலின் கிழக்குக் கரையில், இதே ஆண்டுகளில், எதிரணியில் நின்ற பெண்களும் இருந்தார்கள். 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திரபோஸின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படையணி உருவானது. சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அணியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா இறப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். பர்மாவுக்குச் சென்றவர்கள் மேமியோவில் காயப்பட்டவர்களைப் பராமரித்தார்கள்.

போஸ் 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையோரம் இந்திய தேசிய இராணுவத்துக்கு நினைவுத்தூண் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு செப்டெம்பரில், கண்டியைத் தலைமையகமாகக் கொண்டிருந்த மவுண்ட்பேட்டனின் கட்டளையில் திரும்பி வந்த பிரித்தானியர் அதைத் தகர்த்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளப் பலகை வைத்தது. ஒரு தரப்பின் பெண்களுக்குப் பதிவேடும் ஓய்வூதியமும் சுவரும் கிடைத்தன. மறுதரப்புப் பெண்களில் அதிகாரிகளாக இருந்த சிலரின் பெயர்களே வரலாற்றில் நின்றன, தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்களில் பலரின் பெயர் யாருக்கும் தெரியாது. வென்றவர் நினைவுச் சின்னம் எழுப்புவார் என்பது பாதி விளக்கம்தான். படையே கலைந்தபோது பட்டியலைப் பாதுகாக்க ஓர் அலுவலகம் இல்லாமற்போனது மறுபாதி.

இலங்கையின் சொந்தப் போர்

இந்த அளவுகோல்களை 1983க்குப் பின்னான நம் போருக்குப் பொருத்திப் பார்க்கும்போது விடயம் கூர்மையாகிறது.

அரச படைகளின் பெண்கள் பிரிவுகளில் இருந்தவர்கள் அரசின் பதிவேட்டில் இருக்கிறார்கள். அவர்களில் உயிரிழந்தவர்களின் பெயர்களுக்கு அரச நினைவுச் சுவரில் இடம் உண்டு. விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்களில் ஆண், பெண் வேறுபாடின்றி ஒரே மாதிரியான கல்லறைகள் வரிசையாக அமைக்கப்பட்டிருந்தன. போரின் முடிவில் அவை தரைமட்டமாக்கப்பட்டன, கோப்பாய் போன்ற இடங்களில் அவற்றின் மேல் இராணுவ முகாம் எழுந்தது. உறவினர்கள் விளக்கேற்றும் உரிமை இன்றுவரை வழக்காகவும் வாதமாகவும் தொடர்கிறது. இங்கே "சேவை" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில் இன்னொரு தடையும் உண்டு. விரும்பிச் சேர்ந்த பெண்களும் இருந்தார்கள், பள்ளிச் சீருடையோடு பிடித்துச் செல்லப்பட்ட சிறுமிகளும் இருந்தார்கள். ஒரே கல், ஒரே வாசகம் இருவருக்கும் பொருந்தாது. பொருந்துவதாகக் காட்டுவது இரண்டாமவருக்குச் செய்யும் மற்றொரு கொடுமை.

சீருடையற்ற பணியே இங்கே மிகுதியாக நடந்தது, மிகக் குறைவாக நினைவுகூரப்படுவதும் அதுதான். 1987 ஒக்டோபர் 21ஆம் தேதி யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்தபோது நோயாளிகளோடு 21 பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். வைத்தியர்கள் மூவரோடு, கடமையில் நின்ற தாதியரும் அவர்களில் அடக்கம். ஆண்டுதோறும் அந்த நாளில் வைத்தியசாலைக்குள்ளேயே படங்கள் வைக்கப்பட்டுச் சுடர் ஏற்றப்படுகிறது. 21 என்ற எண் நமக்குத் துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் அவர்கள் ஒரு நிறுவனத்தின் வரவு இடாப்பில் இருந்ததே. அன்று இறந்த நோயாளிகளின் எண்ணிக்கையை அதே துல்லியத்தோடு எவராலும் சொல்ல முடிவதில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் மூதூரை எடுத்துக்கொள்வோம். 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில், பிரான்ஸ் நாட்டு நிவாரண நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு பேர் பெண்கள். சுனாமிக்குப் பிந்திய குடிநீர், சுகாதாரப் பணிகளில் ஈடுபட்டிருந்தவர்கள், நிறுவனத்தின் பெயர் பொறித்த மேற்சட்டை அணிந்திருந்தவர்கள். உப்புவெளி மயானத்தின் விதிப்புத்தகத்தை ஒரு பேச்சுக்கு இவர்களுக்குப் பிரயோகித்தால், படையினர் அல்லாததால் இரண்டாம் விதி பொருந்தாது. மூன்றாம் விதி பொருந்தக்கூடும்: அங்கீகரிக்கப்பட்ட துணை அமைப்பு, கடமையின் விளைவான இறப்பு. ஆனால் அங்கீகரிப்பதற்கு ஒரு பொது ஆணைக்குழு இந்நாட்டில் கிடையாது. எந்தத் தரப்பின் பட்டியலிலும் இல்லாத பணியாளருக்குக் கல் வைப்பது யாருடைய பொறுப்பு என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

இங்கே ஒரு சின்னம் வைப்பதென்றால்

திருகோணமலை மும்மொழி பேசும் நகரம், துறைமுக நகரம், இரு போர்களைக் கண்ட நகரம். போர்க்காலத்தில் பணிபுரிந்த பெண்களுக்காக இங்கே ஒரு பொதுச் சின்னம் என்று பேச்செடுத்தால், சிற்பியைத் தேடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

1. எல்லை. 1939 முதல் 1945 வரையா, 1983 முதல் 2009 வரையா, இரண்டுமா? இரண்டும் என்றால் ரென்களுக்கும் மூதூரின் பணியாளருக்கும் ஒரே பலகையில் என்ன வாசகம் பொருந்தும்?

2. அளவுகோல். இறந்தவர்கள் மட்டுமென்றால் பட்டியல் சிறியது, தயாரிப்பது எளிது. பணிபுரிந்தவர்கள் என்றால் எங்கள் வைத்தியசாலைகள், தபால் நிலையங்கள், பாடசாலைகள் எல்லாவற்றின் பழைய இடாப்புகளையும் தூசு தட்ட வேண்டும். என் கணிப்பில் இரண்டாவதே சரியான வழி, அதிக உழைப்பைக் கேட்பதும் அதுதான்.

3. பெயர். முதலெழுத்து மட்டும் எழுதும் வழக்கத்தை இங்கே பின்பற்றக் கூடாது. "மு. செ." என்று பொறித்தால் அது தந்தையின் எழுத்தா, கணவரின் எழுத்தா என்பதுகூட அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. திருமணத்தின் பின் தலைப்பெழுத்து மாறிய பெண்கள் இரண்டு இடாப்புகளில் இரண்டு ஆட்களாகத் தோன்றுவார்கள்.

4. பராமரிப்பு. உப்புவெளியில் புல் வெட்டப்படுவது தற்செயல் அல்ல. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு அரசுகள், தத்தம் கல்லறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பகிர்கின்றன. நான்கில் மூன்று பங்குக்கு மேல் பிரித்தானியா கொடுக்கிறது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் கரையில், திறப்பு விழாவுக்கு மட்டும் பணம் ஒதுக்கிய சின்னம் சில மழைக்காலங்களுக்குள் எழுத்தை இழந்துவிடும்.

இரண்டாம் இலக்கத்தில் சொன்ன இடாப்புகளுக்கு ஒரு வயதெல்லை உண்டு. 1944இல் இருபது வயது ரென்னாக இத்துறைமுகத்தில் செய்திக்குறியீடு பார்த்த ஒருவர் இன்று உயிரோடிருந்தால் நூறைக் கடந்திருப்பார். அவருடைய சேவைத் தாள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது, அவர் வாய்திறந்து எதையும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. 1987இல் இருபத்திரண்டு வயதில் விடுதிக் கடமையில் நின்ற தாதி இப்போது அறுபதை எட்டியிருப்பார். அன்று இரவு அவரோடு கடமையில் இருந்தவர்கள் யார் யார் என்பது இடாப்பின் செல்லரித்த பக்கத்தைவிட அவருடைய ஞாபகத்தில்தான் இன்னும் தெளிவாக இருக்கும்.